மாதக்கணக்கில் நின்ற மோட்டார் சைக்கிளை மீண்டும் ஓட்ட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒரு பைக் மாதக்கணக்கில் நின்றுபோவதற்குக் காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். ஓட்டினவர் கட்டாருக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போயிருப்பார், வீட்டில் வேறு ஓட்ட ஆளில்லை. மாரியில் வளவு முழுக்கத் தண்ணீர் நின்றிருக்கும். இல்லாவிட்டால் ஒரு சின்னப் பழுது வந்து, "பிறகு பார்ப்போம்" என்று கொட்டிலுக்குள் தள்ளிவிட்டிருப்பார்கள். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் எத்தனையோ வீடுகளில் பைக் சும்மாவே நின்றது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக் ஒவ்வொன்றும் பெறுமதியான சாமானாகிவிட்டது. நின்ற பைக்கைப் பக்குவமாக எழுப்புவது எப்படி என்று பலரும் கேட்கிற கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

ஆறேழு மாதம் நின்ற பைக். முதலாவதாக என்ன செய்ய வேண்டும்?

ஸ்டார்ட் பண்ணாமல் இருக்க வேண்டும். இதைத்தான் எல்லாருக்கும் முதலில் சொல்கிறேன். படங்கை இழுத்த கையோடு சாவியைப் போட்டு, கிக்கரை நாலு மிதி மிதித்துப் பார்க்கத்தான் மனம் வரும். அந்த நாலு மிதியில்தான் சேதம் நடக்கிறது. மாதக்கணக்கில் நின்றதில் ஒயில் முழுக்கக் கீழே வடிந்திருக்கும், சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும், மெல்லிய துருவும் பிடித்திருக்கலாம். டாங்கிக்குள் இருக்கும் கசடு, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற காபரேற்றருக்குள் இறங்கும். ஏர்பில்டருக்குள் எலி கூடு கட்டியிருந்தால் அந்தப் பஞ்சும் நூலும் எஞ்சினுக்குள் போகும்.

ஆகவே முதல் ஒரு மணி நேரம் சாவி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பைக்கை வெளிச்சத்துக்குத் தள்ளி வந்து, டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு வாளி தண்ணீரும் துணியும் எடுத்துக் கழுவுங்கள். கழுவும்போது கை எல்லா இடத்துக்கும் போகும். ஒயில் கசிவு, வெடித்த ரப்பர் குழாய், கடித்த வயர், கழன்ற நட் எல்லாம் அப்போதே கண்ணில் படும்.

இன்னொன்று. முன் சில்லைத் தாங்குகிற போர்க் (fork) கம்பிகளை ஒயில் தடவிய துணியால் துடைத்து, துருப் புள்ளிகளை எடுத்த பிறகுதான் ஹாண்டிலை அமத்திப் பார்க்க வேண்டும். அந்தப் புள்ளிகளோடு அமத்தினால் போர்க் சீல் வெட்டுப்படும். பிறகு ஒயில் கசிந்து, டிரம்முக்கோ டிஸ்க்குக்கோ வடிந்து, முன் பிரேக்கே பிடிக்காமல் போகும். ஐந்து நிமிட வேலை. ஆனால் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை.

கண்டியில் இருக்கும் அண்ணாவின் பைக் ஒரு வருடம் நின்றும் ஒன்றும் ஆகவில்லை. காத்தான்குடியில் என்னுடையது ஆறு மாதத்தில் துருப்பிடித்துவிட்டது. ஏன்?

உப்புதான் காரணம். நாங்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறோம். கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் என்று கரையோரம் முழுக்கக் காற்றிலேயே உப்பு இருக்கிறது. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இரும்பு ஈரமாகவே இருந்தால் துரு நிற்காது. மழையில் கழுவுப்படாத மூலைகள்தான் இன்னும் மோசம். மட்கார்ட்டின் உள்பக்கம், சீற்றுக்குக் கீழே, சைலன்சரின் அடிப்பக்கம், வயர் கனெக்டர்கள்.

கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பித்தளை முனையில் பச்சை நிறத் தூள் இருந்தால் அதில் கரண்ட் ஒழுங்காகப் போகாது. பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, கொண்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்ததும் கொஞ்சம் வசலீன் தடவிப் பூட்டுங்கள். "வயரிங் முழுக்க மாத்தோணும்" என்று சொல்லப்பட்ட பைக்குகள் பல, இந்த ஒரு வேலையோடு சரியாகிப் போகின்றன.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் உப்பு குறைவு. அங்கே செம்மண் தூசியும் வயல் சேறும்தான் பிரச்சினை, அது செயினையும் ஏர்பில்டரையும் தின்னும்.

டாங்கியில் அரைவாசி பெற்றோல் இருக்கிறது. விக்கிற விலையில் அதை வெளியே கொட்டவா?

கொஞ்சம் ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் கப் வேண்டாம், பெற்றோலில் இளகிவிடும். புதுப் பெற்றோல் தெளிவாக இருக்கும், மூக்கில் சுள்ளென்று ஏறும். பழையது நிறம் மங்கி, பெயின்ட், வார்னிஷ் மாதிரி மணக்கும். போத்தலின் அடியில் தனிக் குமிழாகத் தண்ணீர் நின்றால் டாங்கிக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

பெற்றோலில் சுலபமாகத் தீப்பிடிக்கிற, இலேசான பகுதிதான் முதலில் ஆவியாகிப் போகும். குளிர்ந்த எஞ்சின் பற்றுவதற்கு அந்தப் பகுதிதான் தேவை. மிச்சம் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பசையாகும். எங்கள் வெக்கையில் இரண்டு மூன்று மாதத்திலேயே வித்தியாசம் தெரியத் தொடங்கும். டாங்கி நிரம்ப, மூடி இறுக்கமாக, நிழலில் நின்றதென்றால் கொஞ்சம் தாங்கும். அரைவாசியோ காலோ இருந்து வெயிலில் நின்றதென்றால் தாங்காது.

மணம் மாறியிருந்தால் முழுவதையும் வடித்துவிடுங்கள். இரண்டு லீற்றர் பெற்றோலை மிச்சம் பிடிக்கப் போய் காபரேற்றரையும் வால்வையும் கெடுத்துக்கொள்வது நட்டம். வடித்ததைக் கிணற்றடியிலோ வாவியிலோ வடிகானிலோ ஊற்ற வேண்டாம். எங்கள் ஊர்களில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது, நாலடி தள்ளித்தான் குடிக்கிற கிணறு. இறுக்கி மூடிய கலனில் ஊற்றி, பாகங்கள் கழுவ எடுக்கிற கராஜிடம் கொடுங்கள். குப்பை எரிக்க ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

டாங்கிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் துரு தெரிகிறது.

விரலால் தொட்டால் தூளாக வருகிற மேல்துரு என்றால் கழுவி எடுக்கலாம். டாங்கியைக் கழற்றி, பெற்றோல் டெப்பையும் கழற்றி ஓட்டையை அடைத்து, வினாகிரி நிரப்பி ஒரு நாள் விடுங்கள். பிறகு ஒரு பிடி சின்ன நட்டுகளைப் போட்டு நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். எத்தனை நட் போட்டீர்களோ அத்தனையும் வெளியே வர வேண்டும். அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் அலசி, வெயிலில் முழுதாகக் காயவைத்து, உடனே பெற்றோல் ஊற்றிவிடுங்கள். காய்ந்த வெறும் இரும்பை விட்டால் ஓர் இரவிலேயே மறுபடி துரு தொடங்கும்.

அடிப்பக்கம் பெயின்ட் பொங்கி, அமத்தினால் நெளிகிறதென்றால் கழுவிப் பிரயோசனமில்லை, ஓட்டையாகிவிடும். வேறு டாங்கி தேடுங்கள். எதைச் செய்தாலும் டாங்கிக்கும் காபரேற்றருக்கும் நடுவில் ஒரு சின்ன பெற்றோல் பில்டர் போட்டுவிடுவது நல்லது.

பெற்றோல் புதுசு, பிளக் புதுசு. ஆனாலும் சோக் போட்டால்தான் எஞ்சின் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் ஓப் ஆகிறது. என்ன பிரச்சினை?

பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. நின்ற பைக்குகளில் பத்துக்கு ஏழெட்டில் இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

காபரேற்றரின் அடியில் பெற்றோல் தங்குகிற கிண்ணம் ஒன்று இருக்கிறது. பைக்கை நிறுத்தும்போது அதில் இருந்த பெற்றோல் அங்கேயே காய்ந்து, மஞ்சள்-பழுப்பு நிறப் பசையாகிவிடும். முறுக்காமல் எஞ்சின் சும்மா ஓடுவதற்கு வேண்டிய பெற்றோல் முழுக்கப் பைலட் ஜெட் வழியாகத்தான் போகிறது. அதன் துளை அரை மில்லிமீற்றரும் இல்லை. கொஞ்சப் பசை போதும், அடைத்துவிடும். சோக் போட்டால் வேறு வழியாகக் கூடுதல் பெற்றோல் வருவதால் ஓடுகிறது. எடுத்ததும் நிற்கிறது.

முதலில் லேசான வழி. பெற்றோல் டெப்பை மூடி, கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, உள்ளே இருப்பதைப் போத்தலில் பிடியுங்கள். பச்சை, பழுப்பு நிறத்தில் வந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். தெளிவாக வந்தால் புதுப் பெற்றோல் விட்டு, இரண்டு மூன்று முறை வடித்துப் பாருங்கள். சிலவேளை அதோடு முடிந்துவிடும்.

கழற்றுவதென்றால் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வைத்துச் செய்யுங்கள். மணலில் விழுந்த ஜெட்டைத் தேடுவது சீவன் போகிற வேலை. ஜெட்டுகள் பித்தளை, மெதுவானவை. பொருந்தாத திருப்புளி போட்டால் தலை சிதைந்துவிடும். காபரேற்றர் கிளீனர் அடிப்பதற்கு முன்னால் ரப்பர் ஓ-ரிங்கையும் டயப்ரத்தையும் எடுத்து வைத்துவிடுங்கள். கிளீனர் பட்டால் அவை ஊதிப் பெருத்து, பிறகு உட்காராது. ஏர் ஸ்குருவைக் கழற்றுமுன், அதை உள்ளே எத்தனை சுற்று இறுக்க முடிகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே அளவில் வைக்க வேண்டும்.

இப்போது பைலட் ஜெட்டை இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே கண்ணருகில் வைத்துப் பாருங்கள். சுத்தமானதென்றால் ஊசி முனை அளவில் வட்டமான, கூர்மையான ஒரு ஒளிப்புள்ளி தெரியும். அந்தப் புள்ளி பிறைபோலவோ மங்கலாகவோ இருந்தால் இன்னும் பசை இருக்கிறது. கிளீனரில் ஊறவைத்து, காற்று அடித்து, திரும்பப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் வயருக்குள் இருக்கும் ஒற்றைச் செப்பு இழையை உள்ளே விட்டு எடுக்கலாம். சேப்டிபின், தையல் ஊசி, கிற்றார்க் கம்பி எதுவும் வேண்டவே வேண்டாம். உருக்குக் கம்பி பித்தளைத் துளையைப் பெரிதாக்கிவிடும், அதன்பிறகு அந்தப் பைக் எப்போதும் அதிகம் பெற்றோல் குடிக்கும். ஜெட்டின் பக்கத்தில் உள்ள சிறு துளைகளையும், காபரேற்றர் உடம்புக்குள் போகிற காற்று வழிகளையும் மறக்கக் கூடாது.

பூட்டிய பிறகு பக்கக் குழாயால் பெற்றோல் வழிகிறதென்றால், கிண்ணத்துக்குள் வருகிற பெற்றோலை நிறுத்துகிற மிதவையின் ஊசி ஒட்டியிருக்கிறது. திருப்புளிப் பிடியால் கிண்ணத்தில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். நிற்காவிட்டால் ஊசியை மாற்றுங்கள். வழிகிற பெற்றோல் சூடான எஞ்சினில் விழும், அதோடு ஓடக் கூடாது.

என்னுடையது இன்ஜெக்‌ஷன் பைக். இதெல்லாம் தேவையா?

அதில் காபரேற்றருக்குப் பதிலாகப் பம்ப்தான் பெற்றோலைத் தள்ளுகிறது. கிண்ணமும் ஜெட்டும் இல்லை, அதனால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் டாங்கிக்குள் மோட்டார் பம்ப் இருக்கிறது. துருவும் தண்ணீரும் அதற்குப் பகை. பழைய பெற்றோலை வடித்து, புதியது ஊற்றி, சாவியைப் போடும்போது பம்ப் சில விநாடி "உய்" என்று ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்காவிட்டால் முதலில் பற்றரியைப் பாருங்கள், பம்பைக் குறை சொல்வது அதற்குப் பிறகு.

பற்றரி செத்துவிட்டது. சார்ஜ் போட்டால் வருமா, புதுசு வாங்கவா?

மீற்றரால் அளந்தால் பாதி பதில் தெரிந்துவிடும். 12 வோல்ட் பற்றரி நன்றாக இருந்தால் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12க்குக் கிட்ட என்றால் காலியாகிவிட்டது, சார்ஜ் போட்டுப் பார்க்கலாம். 10.5க்குக் கீழே இறங்கிப் பல மாதம் கிடந்ததென்றால் ஆசைப்பட வேண்டாம். காலியாகக் கிடக்கும் ஈயப் பற்றரியின் தகடுகளில் சல்பேற் கெட்டியாகப் படிந்துவிடும். அது திரும்பக் கரையாது.

மெதுவாகச் சார்ஜ் போடுங்கள். 5 ஆம்பியர்-மணி பற்றரிக்கு அரை ஆம்பியர் வீதம் பத்து மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. கார் பற்றரி சார்ஜரில் வேகமாகப் போட்டால் சூடேறி வயிறு ஊதிவிடும். தண்ணீர் ஊற்றுகிற வகை என்றால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். கிணற்றுத் தண்ணீர் எங்கள் பக்கம் உவர், அது பற்றரிக்கு நஞ்சு. சார்ஜ் போட்டு ஒரு நாள் அப்படியே விட்டு, திரும்ப அளந்து பாருங்கள். 12.4க்கு மேல் நின்றால் பிழைத்துக்கொண்டது.

வண்டி ஓடும்போதும் ஒருமுறை அளக்க வேண்டும். கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் 14 வோல்ட் சுற்றுவட்டத்தில் காட்ட வேண்டும். 13க்கு ஏறவே இல்லையென்றால் சார்ஜ் ஆகவில்லை, புதுப் பற்றரியும் ஒரு கிழமையில் செத்துப்போகும். 15ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேற்றர் போய்விட்டது, பற்றரியும் பல்புகளும் கருகும்.

பற்றரி இல்லாமல் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்கிறார்களே?

பைக்கைப் பொறுத்தது. பழைய சின்ன பைக்குகள் பலவற்றில் பிளக்குக்கு வேண்டிய கரண்டை எஞ்சின் சுழலும்போதே சுருள் நேராகக் கொடுக்கும். அவை கிக் அடித்தால் பற்றும். பற்றரியிலிருந்து கரண்ட் எடுக்கிற வகை, இன்ஜெக்‌ஷன் வகை இரண்டும் செத்த பற்றரியோடு என்ன தள்ளினாலும் பெரும்பாலும் வராது. கியர் இல்லாத ஸ்கூட்டரை எப்படித் தள்ளினாலும் வராது, அது வேறு அமைப்பு.

கிக்கர் இறங்கவே மாட்டேன் என்கிறது.

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். மேலே ஏறி நின்று மிதிக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள், அந்தத் துளையால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விடுங்கள், இரவு முழுக்க ஊறட்டும். மறுநாள் பைக்கை டபுள் ஸ்டாண்டில் வைத்து, டொப் கியரில் போட்டு, பின் சில்லைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மெல்லிய "கிரீச்" சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். இரண்டு மூன்று நாள் ஊறவைத்தும் அசையாவிட்டால் ஹெட்டைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஒட்டாத எஞ்சினுக்கும் பிளக் துளையால் சில துளி ஒயில் விட்டு, சாவியைப் போடாமல் பத்துப் பதினைந்து முறை மெதுவாகக் கிக்கரை இறக்குவது நல்ல வழக்கம். ஒயில் மேலே ஏறி எல்லா இடமும் நனைந்த பிறகு ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் தேயாது. பிளக் துளைக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு மிதிக்காதீர்கள்.

ஒயில் மாத்தினது ஓடாமல் நின்றதற்குக் கொஞ்சம் முன்னாடிதான். திரும்ப மாத்தணுமா?

டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பால்தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட் பண்ணாமலே மாற்றுங்கள். நிறமும் அளவும் சரியென்றால் அதே ஒயிலில் ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிடம் சூடாக்கி, சூட்டோடு வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவதுதான் என் விருப்பம். சூட்டில் ஊத்தையும் சேர்ந்து வெளியேறும். ஓடாமல் இருந்தாலும் ஒயில் ஈரத்தை வாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

எந்த ஒயில் என்பது கம்பனிப் புத்தகத்தில் இருக்கும். கியர் பைக்கின் கிளச் ஒயிலுக்குள்ளேயே நனைந்து ஓடுகிறது, அதனால் போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று போட்டதை வாங்குங்கள். கார் ஒயில் ஊற்றினால் கிளச் வழுக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரால் ஒரே வெள்ளைப் புகை. பயப்படணுமா?

சைலன்சருக்குள் தங்கிய ஈரம் ஆவியாகிறது. சில நிமிடத்தில் குறையும். சிலிண்டருக்குள் நீங்கள் விட்ட ஒயில் எரிவதால் நீலப் புகையும் சேர்ந்து வரலாம், அதுவும் நின்றுவிட வேண்டும். பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடிய பிறகும் நீலமாக வந்தால் ரிங்கோ வால்வு சீலோ பார்க்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது: சோக் ஒட்டியிருக்கலாம், ஏர்பில்டர் அடைத்திருக்கலாம்.

கியர் போட்டதும் பைக் பாய்ந்து ஓப் ஆகிறது, கிளச்சைப் பிடித்தும்.

கிளச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, பிறகு நிறுத்தி, டொப் கியரில் போட்டு, கிளச்சை முழுக்கப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். "டக்" என்று விடுபடும். சரிவராவிட்டால் தட்டுகளை எடுத்துக் கழுவ வேண்டும். சனம் நடமாடுகிற இடத்தில் வைத்து இந்தப் பரிசோதனை வேண்டாம்.

பிரேக் பிடிக்கிறது போலத்தான் இருக்கிறது. அப்படியே போகலாமா?

"போலத்தான்" என்ற அளவில் ரோட்டில் ஏறக் கூடாது. எஞ்சின் நின்றால் தள்ளிக்கொண்டு வரலாம். பிரேக் பிடிக்காவிட்டால் கல்லடிப் பாலத்து இறக்கத்தில் என்ன செய்வது?

டிரம் பிரேக் என்றால் சில்லைக் கழற்றி உள்ளே பாருங்கள். டிரம்மில் துருப் படலம் இருந்தால் எமரித் தாளால் தேய்த்து, சூவின் மேற்பரப்பையும் லேசாகத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். ஊதக் கூடாது, அந்தத் தூசி சுவாசத்துக்குக் கூடாது. பிரேக் கேம் சுழல்கிற இடத்தில் கிரீஸ் காய்ந்திருக்கும், அதுதான் பிடித்த பிரேக் திரும்ப விடாமல் ஒட்டிக்கொள்ளக் காரணம்.

டிஸ்க் என்றால் சில்லைத் தூக்கிச் சுழற்றுங்கள். சுழலாமல் இறுகினால், டிஸ்க்கைப் பிடிக்கிற கலிப்பரின் பிஸ்டன் ஒட்டியிருக்கிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் கலந்தது சூட்டில் கொதித்துக் குமிழாகும், லீவர் ஹாண்டில் வரைக்கும் தொய்ந்து வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான் அது. கரையோரத்தில் அதைவிடப் பிந்தக் கூடாது. மூடியில் எழுதியிருக்கும் வகையைத்தான் ஊற்ற வேண்டும், பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும்.

ரயரில் பூ (மேலே உள்ள வெட்டுத் தடம்) நிறைய இருக்கிறது. மாற்றணுமா?

பூவைவிட வயதைப் பாருங்கள். ரயர் பக்கத்தில் நாலு இலக்கம் தனியாக அடைப்பில் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. காற்றை அடித்து, பக்கச் சுவரை விரலால் வளைத்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தால், பூ எவ்வளவு இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். காற்று போன நிலையில் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அந்த இடம் தட்டையாகிவிடும். ஓடும்போது "தடக் தடக்" என்று வரும். கொஞ்சத் தூரம் ஓடச் சரியானால் சரி, இல்லையென்றால் மாற்றுங்கள். காற்று அளவு செயின் கவரிலோ புத்தகத்திலோ எழுதியிருக்கும், ரயர் சூடாகுமுன் அளந்து பாருங்கள்.

செயின், கேபிள்?

செயினை மண்ணெண்ணெய்யால் கழுவி, துடைத்து, 90 நம்பர் கியர் ஒயில் விடுங்கள். மடிந்து நிமிராத கண்ணிகள் இருந்தால் மாற்றுவதுதான். எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்காதீர்கள், விரல் போன ஆட்கள் இருக்கிறார்கள். கேபிள்களுக்கு மேல்முனையால் ஒயில் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே வருகிற வரை பொறுங்கள். எக்சிலேற்றர் முறுக்கி விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அன்றைக்கு ஸ்டார்டே வேண்டாம்.

எலி, குளவி?

சீற்றைக் கழற்றுங்கள், ஏர்பில்டர் பெட்டியைத் திறவுங்கள், சைலன்சர் வாய்க்குள் டோர்ச் அடியுங்கள். மண் கூடு கட்டுகிற குளவிக்கு சைலன்சர் வாயும், டாங்கி மூடியின் காற்றுத் துளையும், காபரேற்றரின் மேலதிகக் குழாயும் நல்ல இடம். டாங்கி மூடியின் துளை அடைபட்டால் பைக் நன்றாக ஓடி, ஒன்றிரண்டு கிலோமீற்றரில் பெற்றோல் இல்லாததுபோல நிற்கும். மூடியைத் திறந்ததும் "உஸ்" என்று காற்று இழுத்து, திரும்ப ஓடும். நெல் மூடை அடுக்கிய கொட்டிலில் நின்ற பைக் என்றால் வயர்களை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள்.

வெள்ளத்தில் சீற் வரைக்கும் தண்ணீர் நின்றது. பைக் தேறுமா?

தேறும், ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால். 2024 நவம்பர் வெள்ளம் போல ஒரு வெள்ளம் வந்து வடிந்ததும் முதல் ஆசை, "ஓடுதா பாப்பம்" என்பதுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கொனெக்டிங் ராட் வளையும், அதோடு எஞ்சின் போச்சு.

பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுவது முதல் வேலை. பிறகு நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், வாவித் தண்ணீர் ஏறிய இடமென்றால் இரண்டு மடங்கு கழுவுங்கள். உவர் காய்ந்து படியக் கூடாது. பிளக்கைக் கழற்றி, சாவி இல்லாமல் கிக்கரை மெதுவாக இறக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் துளையால் பீய்ச்சும். பீய்ச்சுவது நின்றதும் கொஞ்சம் ஒயில் விடுங்கள். எஞ்சின் ஒயில், டாங்கி, காபரேற்றர் கிண்ணம், ஏர்பில்டர் பெட்டி எல்லாவற்றையும் வடியுங்கள். காகித ஏர்பில்டரை எறிந்துவிடுங்கள், ஸ்பொஞ்ச் வகை என்றால் கழுவிக் காயவைக்கலாம்.

மலிவான ஒயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு வடியுங்கள். இன்னும் பால் நிறத்தில் வந்தால் திரும்பவும். தெளிவாக வருகிற வரைக்கும் நல்ல ஒயில் ஊற்ற அவசரமில்லை. சில்லு பெயாரிங், பிரேக் டிரம், ஸ்பீடோ மீற்றர் எல்லாம் பிறகு வரும் வேலைகள், ஆனால் வராமல் விடக் கூடாது. வெள்ளத்தில் நின்ற பைக்கின் பெயாரிங் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சத்தம் போடும்.

முழுக் காப்புறுதி உள்ளவர்கள் கழுவுமுன் படம் எடுத்து, காப்புறுதிக்காரருக்கு அறிவித்துவிட்டுக் கைவையுங்கள்.

மச்சான் வெளிநாடு போகிறார். கிழமைக்கு ஒருக்கா இரண்டு நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்கிறார். சரியா?

அந்த இரண்டு நிமிடம் நல்லதைவிடக் கெடுதலைத்தான் செய்யும். எஞ்சின் சூடாகுமுன் நிறுத்தினால் எரிந்த பெற்றோலிலிருந்து வருகிற தண்ணீர் சைலன்சரிலும் ஒயிலிலும் தங்கிவிடும். ஸ்டார்ட்டருக்குச் செலவான கரண்டும் பற்றரிக்குத் திரும்ப வராது. கிழமைக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓட்ட ஆளிருந்தால் ஓட்டுங்கள், அதைவிடச் சிறந்தது இல்லை. ஆளில்லாவிட்டால் முறையாக நிறுத்துங்கள்.

போகிறதற்கு முதல்நாள் ஒயில் மாற்றுங்கள். டாங்கியை நிரப்புங்கள், வெற்றிடம் இருந்தால்தான் ஈரம் படிந்து துரு வரும். பிறகு டெப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, கிண்ணத்தில் மிச்சத்தை வடியுங்கள். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். டபுள் ஸ்டாண்டில், சீமெந்துத் தரையில் அல்லது பலகை மேல் நிறுத்துங்கள், மண் தரையின் ஈரம் கீழிருந்து ஏறும். சைலன்சர் வாயைக் கட்டி, அதை ஞாபகப்படுத்த ஹாண்டிலில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். மேலே போடுவது பழைய பெட்ஷீற், சாரம் போன்ற துணியாக இருக்கட்டும். பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினால் வேர்த்து, உள்ளேயே துருப்பிடிக்கும். மழைக்குப் படங்கு வேண்டுமென்றால் பைக்கில் படாமல், காற்று போக உயர்த்திக் கட்டுங்கள்.

எப்போது கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும்?

எஞ்சினுக்குள் "டொக் டொக்" என்ற சத்தம், நிற்காத நீலப் புகை, டிஸ்க் கலிப்பர் இறுகியது, வயர் எரிந்த மணம். இவற்றில் எதற்கும் வீட்டில் வைத்து முயற்சி வேண்டாம். கொண்டுபோகும்போது எத்தனை மாதம் நின்றது, வெள்ளம் ஏறியதா, நீங்கள் இதுவரை என்னென்ன கழற்றினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மெக்கானிக் பாஸுக்கு அரைநாள் மிச்சமாகும், உங்களுக்குக் காசு மிச்சமாகும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், நல்ல பாஸ் கோபிக்க மாட்டார்.

எல்லாம் சரி. ஓடத் தொடங்கலாமா?

முதல் ஓட்டம் ஒழுங்கைக்குள், மெதுவாக, முன் பிரேக், பின் பிரேக் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்தபடி. வந்து நிறுத்தி, ஒயில் கசிவு, நட்டுகள், செயின் தொய்வு, சில்லு சூடு எல்லாம் பாருங்கள். சில்லின் நடுப்பகுதி கைவைக்க முடியாத சூடு என்றால் பிரேக் விடாமல் உரசுகிறது.

பிரதான வீதிக்கு ஏறுமுன் பத்திரங்களையும் பாருங்கள். நின்ற மாதங்களில் பைக்கின் வருடாந்த லைசன் காலாவதியாகியிருக்கலாம். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தால்தான் பிரதேச செயலகத்தில் லைசன் புதுப்பிக்கலாம். புகைப் பரிசோதனையைக் கடைசியில் வையுங்கள்: காபரேற்றர் கழுவி, ஏர்பில்டர் மாற்றி, புதுப் பெற்றோலில் கொஞ்சம் ஓடி, எஞ்சின் சூடாக இருக்கும்போது கொண்டுபோனால் சிரமமில்லாமல் தேறும். காப்புறுதி முடிந்திருந்தால், பரிசோதனைக்குக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.